ஆனிமேரி ஷிம்மலின் வாழ்வும் பணியும்: கட்டுரை எழுதப் புகுவோர்க்குச் சில வழிமுறைகள்

இஸ்லாமிய மெய்ஞ்ஞான மரபான சூஃபி மரபையும் அதன் பண்பாட்டையும் பற்றி எழுதிய அறிஞர் ஒருவரின் ‘வாழ்வும் பணியும்’ என்ற தலைப்பில் நம் கொங்கு வட்டாரக் கல்லூரிகளின் கருத்தரங்கத் தொகுதிகளில் வெளியாகும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கின்றன. பிறந்த ஊர், பெற்ற பட்டம், எழுதிய நூல்களின் பட்டியல், கிடைத்த விருதுகள், மறைந்த நாள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போய், கடைசிப் பத்தியில் ‘சமய நல்லிணக்கத்தின் தூதுவர்’ என்று ஒரு மாலையைச் சூட்டிவிடுகிறார்கள். அந்த மாலையை யார் கழுத்தில் வேண்டுமானாலும் போடலாம் என்பதுதான் அதிலுள்ள குறை. எழுதப்பட்டவர் ஷிம்மலா, வேறொருவரா என்று பெயரை மறைத்துவிட்டுப் படித்தால் கண்டுபிடிக்க முடியாத கட்டுரையை எழுதாமல் இருப்பதே நல்லது.

ஜெர்மானிய அறிஞரான ஆனிமேரி ஷிம்மலைப் பற்றிக் கட்டுரையோ வாசகர் வட்ட உரையோ தயாரிக்க விரும்பும் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பகுதி மாணவர்களையும் ஆசிரியர்களையும் மனத்தில் வைத்து இவ்வழிமுறைகள் எழுதப்படுகின்றன. ஷிம்மல் சமயத்தைக் கோட்பாட்டு வழியாகக் காட்டிலும் பாட்டின் வழியாகவே மிகுதியும் அணுகியவர். ஆதலால், அவர் எடுத்துப் பேசிய பாட்டுகளில் ஒன்றையாவது தம் ஊரில், தம் ஊர்க்காரர்களோடு அமர்ந்து படித்துப் பார்க்காமல் எவரும் அவரைப் பற்றி எழுதத் தொடங்கக் கூடாது என்பது என் துணிபு. கீழே சொல்லப்படும் வேலைகள் யாவும் அந்த ஒரு நிபந்தனையைச் சுற்றியே அமைந்தவை.

வாழ்க்கைக் குறிப்பைத் திரட்டுதல்

முதலில் அவரே தம்மைப் பற்றிச் சொன்னதைப் படிக்க வேண்டும். 1993-இல் அமெரிக்கக் கல்விக் கழகங்களின் பேரவைக்காக அவர் ஆற்றிய ‘எ லைஃப் ஆஃப் லேர்னிங்’ என்ற உரை சிறியது. ஒரு மாலைப் பொழுதில் படித்து முடிக்கலாம். ஜெர்மன் அறிந்தவர்களுக்கு 2002-இல் வெளியான தன்வரலாறும் உண்டு. இணையத்தில் கிடைக்கும் இரங்கல் குறிப்புகளை இவற்றிற்குப் பின்னரே தொட வேண்டும்; ஏனெனில் அவற்றில் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டிருப்பதால், ஒரு பிழை பத்து இடங்களில் உண்மையாகிவிடுகிறது.

அடிப்படைச் செய்திகள் இவை. 1922 ஏப்ரல் 7 அன்று எர்ஃபுர்ட் நகரில் ஒரு சீர்திருத்தக் கிறித்தவக் குடும்பத்தில் ஒரே குழந்தையாகப் பிறந்தார். தந்தை அஞ்சல் துறையில் வேலை பார்த்தவர். பதினைந்தாம் வயதில் அரபு கற்கத் தொடங்கி, 1939-இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, இடைக்கால எகிப்தில் கலீஃபாவும் காஜியும் (நீதிபதியும்) வகித்த நிலையைப் பற்றிய ஆய்வுக்காக 1941 நவம்பரில், பத்தொன்பது வயதில், முனைவர் பட்டம் பெற்றார். அதன் பிறகு போர் முடியும் வரை ஜெர்மானிய வெளியுறவு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தார். 1946-இல் மார்புர்க்கில் பல்கலைக்கழக ஆசிரியராகும் தகுதியைப் பெற்றபோது அவருக்கு வயது இருபத்து மூன்று. 1954 முதல் 1959 வரை அங்காரா பல்கலைக்கழகத்தின் இறையியல் துறையில், இஸ்லாமியர் அல்லாத ஒரு பெண்ணாக, சமய வரலாற்றைத் துருக்கி மொழியிலேயே கற்பித்தார். 1961-இல் பான் நகருக்கு வந்தார். 1967 முதல் 1992 வரை ஹார்வர்டில் இந்திய இஸ்லாமியப் பண்பாட்டைக் கற்பித்தார். 2003 ஜனவரி 26 அன்று பான் நகரில் மறைந்தார்.

இவ்வளவையும் ஒரு பத்திக்குள் முடித்துவிட்டு, ஒரு தாளை நெடுக்காக இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். இடப் பக்கத்தில் ஆண்டும் ஊரும்; வலப் பக்கத்தில் அந்த ஆண்டுகளில் அவர் எந்த மொழியில் எந்தக் கவிஞரைப் படித்துக்கொண்டிருந்தார் என்பது. அங்காராவுக்கு எதிரே பாரசீகக் கவிஞர் ரூமியும் துருக்கிக் கவிஞர் யூனுஸ் எம்ரேயும் உருதுவிலும் பாரசீகத்திலும் பாடிய இக்பாலும் வருவார்கள். இக்பாலின் ‘ஜாவீத் நாமா’வை 1957-இல் ஜெர்மன் செய்யுளாகவும் அடுத்த ஆண்டே துருக்கி உரைநடையாகவும் அவர் வெளியிட்டிருக்கிறார். 1958-இல் தொடங்கிய பாகிஸ்தான் பயணங்களுக்கு எதிரே சிந்தி மொழியும் ஷா அப்துல் லத்தீஃபும் வருவார்கள். ஹார்வர்டுக்கு எதிரே உருதுக் கவிஞர்களான மீர் தகீ மீரும் காலிபும். இந்த ஹார்வர்டு வேலைக்குப் பின்னால் ஒரு சுவையான செய்தி இருக்கிறது: சில நிமிடங்களில் வேகும் ‘மினிட் ரைஸ்’ அரிசியைக் கண்டுபிடித்துப் பணம் சேர்த்த ஓஸாய் துர்ரானி என்பவர், மீரையும் காலிபையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று விட்டுச்சென்ற நிதியிலிருந்துதான் அந்தப் பணியிடமே உருவாயிற்று. அரிசி விற்ற காசு கஜலுக்குப் போன கதையை விட்டுவிட்டு ‘புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார்’ என்று எழுதுவதில் என்ன இருக்கிறது?

இரண்டு இடங்களில் கட்டுரையாளருக்குக் கை தயங்கும். ஒன்று, போர்க்கால அலுவலக வேலை. மற்றொன்று, 1995-இல் ஜெர்மானியப் புத்தக வணிகர்களின் அமைதிப் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பு. சல்மான் ருஷ்டியின் நாவல் முஸ்லிம்களின் மனத்தைப் புண்படுத்தியது என்று தொலைக்காட்சி நேர்காணலில் அவர் கூறியதை முன்வைத்து, எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் அப்பரிசை அவருக்குக் கொடுக்கக் கூடாது என்று போராடினார்கள். ருஷ்டிக்கு விடுக்கப்பட்ட கொலை மிரட்டலைத் தாம் ஏற்கவில்லை என்பதை ஷிம்மல் தெளிவுபடுத்தினார். ஃபிராங்க்ஃபுர்ட்டில் நடந்த விழாவில் அன்றைய ஜெர்மானியக் குடியரசுத் தலைவர் ரோமன் ஹெர்ட்ஸாக் பாராட்டுரை நிகழ்த்தினார். இவ்விரண்டையும் மறைத்து எழுதுவது அறிஞருக்குச் செய்யும் மரியாதை அன்று. நடந்ததை ஆண்டோடு, இரு தரப்பின் சொல்லோடு, அடைமொழி சேர்க்காமல் இரண்டு மூன்று வாக்கியங்களில் எழுதினால் போதும். தீர்ப்பு எழுதும் வேலை நமக்கு இல்லை.

நூல்களை எந்த வரிசையில் படிப்பது

அவருடைய நூல்கள் பல பத்து. எல்லாவற்றையும் படித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தால் எழுதவே மாட்டோம். 1975-இல் வெளிவந்த ‘மிஸ்டிகல் டைமென்ஷன்ஸ் ஆஃப் இஸ்லாம்’ என்ற ஏறத்தாழ 500 பக்க நூல்தான் அச்சாணி. அதை முதல் பக்கத்திலிருந்து தொடங்குபவர்கள் பெரும்பாலும் மூன்றாம் அத்தியாயத்தில், நிலைகளும் படிகளும் பற்றிய கலைச்சொற்களுக்கிடையே சோர்ந்து போவார்கள். ஆகவே கடைசியிலிருந்து தொடங்குமாறு பரிந்துரைக்கிறேன். சூஃபி மரபில் பெண்மைக்குரிய இடத்தைப் பேசும் இரண்டாம் பிற்சேர்க்கை முதலில். பிறகு இந்தியத் துணைக்கண்டத்துச் சூஃபி மரபைப் பேசும் எட்டாம் அத்தியாயம். பிறகு பாரசீக, துருக்கிக் கவிதைகளைப் பற்றிய ஏழாம் அத்தியாயம். இவற்றைக் கடந்தபின் முதல் அத்தியாயத்துக்குத் திரும்பினால், அங்குள்ள கலைச்சொற்கள் ஏற்கெனவே பாட்டில் கேட்ட சொற்களாக இருக்கும்.

இரண்டாம் அத்தியாயத்துக்கு மட்டும் ஒரு துணைப்பாடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. துறவும் அச்சமும் மேலோங்கியிருந்த தொடக்க காலத்திலிருந்து, சொர்க்கத்தைக் கொளுத்தவும் நரகத்தை அணைக்கவும் ஒரு கையில் தீயும் மறு கையில் நீரும் கொண்டு சென்றதாகச் சொல்லப்படும் பஸ்ராவின் ராபியா வழியாக, தன்னலம் கருதாத அன்பு எப்படி மையத்துக்கு வந்தது என்பதை ஷிம்மல் அங்கே காட்டுகிறார். பேரூர்ச் சாந்தலிங்க அடிகளாரின் ‘வைராக்கிய சதக’த்தைப் படித்துவிட்டு இப்பகுதிக்கு வருபவருக்கு, அந்தத் துறவுக் காலத்தின் கடுமை அயலாகத் தோன்றாது. ஆனால் இரண்டும் ஒன்று என்று எழுதிவிட வேண்டாம். குறிப்பாகச் சூஃபி மெய்யியலாளர் இப்னு அரபியின் பள்ளி சொல்லும் இருப்பின் ஒருமையை அத்வைதம் என்றோ, எல்லாம் கடவுளே என்ற கொள்கை என்றோ ஒரே வரியில் முடிப்பதை ஷிம்மலே ஆறாம் அத்தியாயத்தில் ஏற்கவில்லை.

நூற்புப் பாட்டைக் கூடிப் படித்தல்

இனி முக்கியமான வேலைக்கு வருவோம். 1976-இல் வெளிவந்த ‘பெயின் அண்ட் கிரேஸ்’ என்ற நூலில் ஷிம்மல் இரண்டு கவிஞர்களை எடுத்துக்கொள்கிறார்: டெல்லியின் குவாஜா மீர் தர்த், சிந்துவின் ஷா அப்துல் லத்தீஃப். லத்தீஃப் 1689 முதல் 1752 வரை வாழ்ந்தவர். அவருடைய ‘ஷா ஜோ ரிஸாலோ’ இசைப் பண்களின் பெயரில் ‘சுர்’ என்னும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் ‘சுர் காபாயித்தி’ நூல் நூற்கும் பெண்ணை நோக்கிய பாட்டு. சோம்பியிருக்காதே, பண்டிகை வருகிறது, இன்று நூற்காவிட்டால் நாளை தோழியரிடையே வெட்கப்படுவாய் என்று அவளை எழுப்புகிறது. நூலைத் தர மதிப்பீடு செய்யும் வணிகர்கள் வருகிறார்கள். கர்வத்தோடு நூற்ற மெல்லிய நூலை அவர்கள் தொடுவதில்லை. நெஞ்சில் அன்பு வைத்து நூற்றவளின் நூலை எடைகூடப் போடாமல் வாங்கிக்கொள்கிறார்கள். இறைவனின் பெயரை இடைவிடாது உச்சரிக்கும் திக்ரும், மறுமையில் நிகழும் மதிப்பீடும் அந்த ராட்டைக்குள் அடங்கியிருப்பதை ஷிம்மல் விளக்குகிறார்.

கோவை மண்டலத்தில் பிறந்தவர் இந்தப் பாட்டைத் தாண்டிப் போகக் கூடாது. நூற்பாலையில் வேலை செய்தவர் இல்லாத தெரு இங்கே குறைவு. பாட்டின் கருத்தைத் தமிழில் பத்துப் பன்னிரண்டு வரிகளாக எழுதி எடுத்துக்கொண்டு, ஆலையில் இருந்தவர்கள் இரண்டு மூன்று பேரையாவது கூட்டத்துக்கு அழைத்து, உரத்துப் படித்துக் காட்டி, அவர்கள் பேசுவதைக் குறித்துக்கொள்ள வேண்டும். திருப்பூர்ப் பக்கத்தில் நடந்த அப்படியொரு வாசிப்பில், இளம் விரிவுரையாளர் ஒருவர் கர்வத்துக்கும் நூலுக்கும் என்ன தொடர்பு என்று சூஃபி தத்துவத்தில் ஊன்றி விளக்கிக்கொண்டிருந்தார். பல ஆண்டுகள் ஆலையில் அறுந்த இழையைப் பிணைக்கும் சைடராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள் குறுக்கிட்டு, “ஏனுங் தம்பி, அதுல தெரியாததுக்கு என்னங்க இருக்குது? நம்ம கையி வேகமுன்னு ஒரு நெனப்பு வந்து நின்னுட்டமுன்னா, அந்தப் பக்கம் நாலு கதுருல ஒண்ணா அறுந்து கெடக்குமுங்க” என்றார். கவனம் தன் மேல் திரும்பிய கணத்தில் வேலை கெடும் என்பதைத்தான் அவர் சொன்னார். திக்ரைப் பற்றிய விளக்கமாக அதை விரிவுரையாளர் அப்படியே எழுதிக்கொண்டார். அவர் அன்று வாசித்த கட்டுரையில் இல்லாத தெளிவு அதில் இருந்தது.

இத்தகைய பேச்சைப் பதிவு செய்யும்போது, பேசியவரின் ஒப்புதலைக் கேட்டுக்கொண்டு, ஊரும் தொழிலும் மட்டும் குறித்து, அவருடைய சொல்லைச் செந்தமிழாக்காமல் விட வேண்டும். ஆலைத் தொழிலாளியைச் சூஃபி ஞானியாக்கிக் காட்டும் ஆசையையும் அடக்கிக்கொள்ள வேண்டும். இன்னொன்று: லத்தீஃபின் பெண் சுற்றுவது கைராட்டை, ஆலையின் நூற்பு இயந்திரமான ரிங் ஃபிரேம் அன்று. கைராட்டையின் ஓசையும் வேகமும் தெரியாதவர்கள், 1925-இல் ராஜாஜி தொடங்கிய திருச்செங்கோட்டுப் புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தைப் போன்ற கதர் மரபுள்ள இடங்களுக்குச் சென்று கேட்டறிந்து வருவது பயன் தரும்.

லத்தீஃபின் வழியாக ஷிம்மல் தம் முக்கியமான எண்ணத்துக்கு வருகிறார். சஸ்ஸுயி, மாருயி, சோஹ்னி என்னும் நாட்டார் கதைத் தலைவியர் ஒவ்வொருவரும் இறைவனைத் தேடும் ஆன்மாவாகப் பாடப்படுகிறார்கள் என்பதை, ஜெர்மனில் 1995-இலும் ஆங்கிலத்தில் 1997-இலும் வந்த ‘மை சோல் இஸ் எ வுமன்’ நூலில் அவர் விரித்துப் பேசுகிறார். ஆழ்வார் பாசுரங்களின் தலைவி நிலையை அறிந்த தமிழ் வாசகருக்கு இது புதிதன்று; அதனாலேயே அவசரப்பட்டு ‘நாயகி பாவம்’ என்று முத்திரை குத்திவிடும் ஆபத்தும் நமக்குத்தான் அதிகம்.

தெற்கு விடுபட்ட இடம்

ஷிம்மலின் எட்டாம் அத்தியாயத்தில் கனமெல்லாம் சிந்து, பஞ்சாப், டெல்லி ஆகியவற்றின் மேல் விழுகிறது. தமிழ் முஸ்லிம்களின் மெய்ஞ்ஞான இலக்கியத்துக்கு அங்கே உரிய இடம் இல்லை. இதை ஒரு குற்றச்சாட்டாக எழுதி நிறுத்திக்கொள்வது சோம்பல். அந்த இடத்தை நிரப்பும் பகுதிதான் தமிழில் எழுதும் நம் கட்டுரையின் சொந்தப் பங்களிப்பு.

தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்து, சென்னை இராயபுரத்தில் அடங்கிய குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களிலிருந்து தொடங்கலாம். அவருடைய ‘மனோன்மணிக் கண்ணி’யில் பாடுபவர் ஆண், தேடப்படும் பரம்பொருளே பெண். சிந்துவில் ஆன்மா பெண்ணாக இருக்க, இராயபுரத்தில் இறைவன் பெண்ணாகிறான். ஷிம்மல் வகுத்த சட்டகத்துக்குள் இந்தத் தலைகீழ் நிலை அடங்குமா, அடங்காதா என்று ஆராய்வதற்கு மட்டும் மூன்று பக்கம் ஒதுக்கலாம். அடங்காது என்றே எனக்குத் தோன்றுகிறது. மனோன்மணி சைவ, சித்தர் மரபுகளின் வழியாக வருபவள், அவளுடைய வேரைப் பாரசீகக் கவிதையில் தேடிப் பயனில்லை. அவருக்கு முந்தியவரான தக்கலை பீர்முகம்மது அப்பாவின் ‘ஞானப் புகழ்ச்சி’ இன்றும் தக்கலையில் ஆண்டுதோறும் கூட்டமாக ஓதப்படுகிறது. பெண் குரலே வேண்டுமென்றால், இளையான்குடி கச்சிப்பிள்ளை அம்மாளின் ‘மெய்ஞ்ஞான மாலை’ இருக்கிறது. சூஃபி மரபில் பெண்மை பற்றிப் பேசிவிட்டு இவரைக் குறிப்பிடாத தமிழ்க் கட்டுரை முழுமையானதன்று. இந்நூல்களின் பழைய பதிப்புகளைத் தேடுபவர்கள் ஆகஸ்டில் நடக்கும் ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவில் பழைய இஸ்லாமிய இலக்கியம் விற்கும் கடைகளையும், மாவட்ட மைய நூலகங்களையும் முதலில் கேட்டுப் பார்க்கலாம்.

கொங்கில் களப்பணி செய்வோர் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். பள்ளபட்டி, தாராபுரம், உடுமலை போன்ற இடங்களின் ராவுத்தர் குடும்பங்களுக்குத் தாய்மொழி தமிழ். கோவை, ஈரோடு, சேலம் நகரங்களில் தக்காணத்து உருதுவான தக்கினி பேசும் குடும்பங்களும் உள்ளன. முதல் சாராரிடம் மாலை, கண்ணி, முனாஜாத்து (இறைவனிடம் வேண்டும் பாட்டு) போன்ற தமிழ்ப் பாட்டுகளைக் கேட்க வேண்டும். இரண்டாம் சாராரிடம் கேட்க வேண்டியது வேறு. பீஜப்பூர் வட்டாரச் சூஃபிகள், பெண்கள் மாவரைக்கும்போதும் ராட்டை சுற்றும்போதும் பாடுவதற்காகத் தக்கினியில் ‘சக்கி நாமா’, ‘சர்க்கா நாமா’ என்ற பாட்டுகளை இயற்றினார்கள். லத்தீஃபின் நூற்புப் பாட்டுக்கு அவை உறவு. வீட்டுப் பெரிய பெண்களுக்கு அத்தகைய பாட்டின் ஓரடியாவது நினைவிருக்கிறதா என்று விசாரிப்பது வீண்போகாத வேலை. ஆண் மாணவர்கள் தனியாகப் போய் நிற்பதைவிட, வீட்டுக்குத் தெரிந்த ஒரு பெண்ணோடு போவது முறை. பேச்சும் தடையின்றி வரும். தர்காவுக்குப் போனால் கந்தூரி, சந்தனக்கூடு ஆகிய விழா நாள்களைத் தவிர்த்து ஓய்வான நாளில் போய், பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டுக் கல்வெட்டையும் சுவரில் எழுதிய பாட்டையும் பார்க்கலாம். தர்கா வழிபாட்டைப் பற்றி முஸ்லிம்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. அதைக் கிளறி ஒருவரிடம் மற்றவரைப் பற்றிக் கேட்பது கட்டுரைக்குத் தேவையில்லாத வேலை.

ஆண்டும் சொல்லும்

ஹிஜ்ரி ஆண்டைக் கிறித்தவ ஆண்டாக மாற்றுவதற்கு, அதை 0.97 ஆல் பெருக்கி 622-ஐக் கூட்டுவது எளிய வழி. சூஃபி ஞானி மன்சூர் ஹல்லாஜ் பாக்தாதில் கொல்லப்பட்ட ஹிஜ்ரி 309, இக்கணக்கில் 922 ஆகிறது, அது சரி. ரூமி மறைந்த 672-ஐ மாற்றினால் 1273.84 வரும், அதை 1274 என்று முழுமையாக்கினால் பிழை, ஏனெனில் அவர் மறைந்தது 1273 டிசம்பர் 17. ஆகவே மாதம் தெரிந்த இடத்தில் அட்டவணையைப் பார்த்தே எழுத வேண்டும்.

கலைச்சொற்களுக்குப் புதிய தமிழாக்கம் செய்ய வேண்டியதில்லை. முரீது (சீடர்), ஷைகு (குரு), திக்ர், தரீக்கா (சூஃபி நெறி), மவ்லிது (நபி புகழ்ப்பாட்டு) என்று தமிழ் முஸ்லிம்கள் நாள்தோறும் சொல்லும் சொற்களை அப்படியே எழுதி, முதல் இடத்தில் மட்டும் ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதும்.

எழுதுதலும் வாசித்தலும்

அளவைப் பற்றி ஒரு சொல். பத்துப் பக்கக் கட்டுரையில் வாழ்க்கைக்கு இரண்டு பக்கம், ‘மிஸ்டிகல் டைமென்ஷன்ஸ்’ நூலுக்கு இரண்டு பக்கம். எஞ்சிய ஆறும் நூற்புப் பாட்டுக்கும் தமிழ் ஒப்பீட்டுக்கும் போக வேண்டும். விருதுகளுக்கு ஒரு வாக்கியம் மிகுதி. ஆங்கிலத்திலிருந்து மேற்கோள் எடுத்தால், மொழிபெயர்ப்பு தம்முடையது என்பதைச் சொல்லிவிட வேண்டும். சிந்தியிலிருந்து ஷிம்மலும் அவரிடமிருந்து நாமும் மாற்றிய வரி, மூலத்திலிருந்து இரண்டு கை மாறியது என்பதை வாசகர் அறிய வேண்டும்.

கூட்டத்தில் வாசிப்பவர்களுக்கு ஷிம்மலிடமே ஒரு பாடம் உண்டு. கைப்பையை இறுகப் பற்றிக்கொண்டு, கண்களை மூடியபடி, எந்தக் குறிப்பும் இல்லாமல் முழு உரையையும் நிகழ்த்துவது அவருடைய வழக்கம். பாட்டுகள் மூல மொழியிலேயே நினைவிலிருந்து வரும். நம்மால் அது இயலாது. ஆனால் எடுத்துக்கொண்ட கண்ணிகளில் நான்கையாவது தாளைப் பார்க்காமல் சொல்லப் பழகிக்கொண்டு மேடையேறினால், பவர்பாயிண்டில் அவருடைய புகைப்படத்தைப் பெரிதாகக் காட்டுவதைவிட அது அவருக்குப் பொருத்தமாக இருக்கும். கல்லூரிக் கருத்தரங்குகளில் ஒருவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பத்து நிமிடம். அதில் ஏழு நிமிடத்தைத் தலைமையுரையின் நீட்சி விழுங்கிவிடும் என்பதையும் கணக்கில் கொண்டு, வாழ்க்கைக் குறிப்பை அச்சிட்ட தாளாகக் கையில் கொடுத்துவிட்டு நேரே பாட்டுக்குப் போய்விடலாம்.

வரைவு முடிந்ததும் இரண்டு படி எடுத்து, ஒன்றை மதரஸாவில் ஓதிக் கொடுக்கும் ஹஸ்ரத் ஒருவரிடமும், மற்றொன்றைச் சைவ இலக்கியம் கற்பிக்கும் தமிழாசிரியர் ஒருவரிடமும் கொடுத்து, உடன்படாத இடங்களில் பென்சிலால் கோடிடச் சொல்லுங்கள். இருவரும் ஒரே வரியில் கோடிட்டிருந்தால், அந்த வரியை மூலத்தோடு மறுபடி ஒப்பிட்டுத் திருத்திய பிறகே அச்சுக்கு அனுப்புங்கள்.